மூன்று முறை வெளுக்க வேண்டிய சாம்பல்

அவளோடு தேங்காய் வாங்கப் போகக் கூடாது. ஒரு காயைக் காதோரம் வைத்து மூன்று தரம் ஆட்டுவாள். அடுத்ததை எடுத்து மூன்று தரம். பிறகு முதல் காயிடமே திரும்பி வருவாள், இந்த இடைவெளியில் அது மனம் மாறியிருக்கக்கூடும் என்பதுபோல. கடைக்காரர் என்னைப் பார்ப்பார். நான் தெருமுனைக்கு அப்பால் மினுங்கும் வாவியைப் பார்ப்பேன். வாவிக்கு அவசரமில்லை. எனக்கு இருந்தது.

“புள்ள, சம்பலுக்குத்தான் தேங்காய். மாப்பிள்ளை எடுக்கிறதுக்கு இல்ல.”

“ஒருக்கா கேட்டா அது சத்தம் அக்கா. மூண்டுதரம் கேட்டாத்தான் தண்ணி.”

அப்படியொரு மனுசி ஆறு வருடம் மட்டக்களப்பு அமிர்தகழியில் எங்கள் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தாள். ஊர் மண்டூர். படித்தது இரசாயனம். வேலை வந்தாறுமூலையில், ஓர் ஆய்வுகூடத்தில் மாணவர்களுக்குச் செய்முறை காட்டுவது. காலையில் அறைக்கதவைப் பூட்டி மூன்று தரம் இழுத்துப் பார்ப்பாள். அந்த மூன்றாவது இழுப்பில் ஏழு மணி பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது, போன பஸ் உண்மையிலேயே ஏழு மணி பஸ்தானா என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பாள்.

என் தம்பி அவளுக்கு ‘மூண்டு’ என்று பட்டம் வைத்தான். அவளுடைய சொந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், எழுத்து சரியா என்று பார்த்துச் சொல்லும்படி அவளுக்கே அனுப்ப வேண்டிவரும். அது மூன்று தரம் திரும்பி வரும். எனக்கு ஆயுள் போதாது.

அவளுக்கு ஒரு வாய்ப்பாடு இருந்தது. தம்பி, பழைய மாணவர்கள், மீன் கொண்டுவரும் அண்ணன் என்று வீட்டுக்கு வந்துபோகும் எல்லோருக்கும் அது மனப்பாடம்.

“ஒருக்கா வந்தா தற்செயல். ரெண்டுதரம் வந்தா ஆசை. மூண்டுதரம் வந்தாத்தான் உண்மை.”

இதை அவள் ஆய்வுகூடத்தில் விட்டுவிட்டு வந்திருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். கலியாணப் பேச்சுக்கும் கொண்டுபோனாள். மண்டூரில் அவளைப் பார்க்க ஓர் ஆசிரியர் வந்தார். நல்ல மனுசன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். தட்டை நீட்டும்போது, காலையில் எத்தனை மணிக்கு எழும்புவீர்கள் என்று கேட்டிருக்கிறாள். அஞ்சு என்றாராம். தேநீர் கொடுக்கும்போது அதே கேள்வி. அஞ்சு, அஞ்சரை. படலையடியில் அவர் செருப்பை மாட்டும்போது மறுபடி. பாவம், பயந்துபோய் ஆறு என்றிருக்கிறார்.

“பிழை வீதம் கூடவா இருக்கு அம்மா” என்று அவள் முற்றத்தில் நின்று சொன்னதைக் கேட்டு, தரகர் தன் குடையையும் மறந்துவிட்டுப் போனாராம்.

அவளுடைய தாய் எனக்குப் போன் எடுத்து அழுதார். “நீங்களாவது சொல்லுங்க மகள். இவள் ஆரையும் நம்புறாளில்ல. வீட்டுக்கு வந்தா எங்கட கிணத்துத் தண்ணியும் சப்பெண்டு இருக்காம். சீனி போட்டா குடிக்கிற? போற இடத்தில நாக்கும் மாறித்து, மனமும் மாறித்து.”

தண்ணீரைப் பற்றி அந்தத் தாய் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. ஒருவரும் வாங்கவில்லை. ஒருதரம் கேட்டால் அது சத்தம்தானே.

அவளிடம் ஒரு நீலக் கோப்பு இருந்தது. நானோ தொழினுட்பம் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு உலகத்தின் எந்தக் கதவு எந்த மாதம் திறக்கும், எந்தத் திகதியில் மூடும் என்று அதில் இருந்தது. கோயில் ஐயருக்குத் திதி நட்சத்திரம் தெரிவதுபோல அவளுக்கு முடிவுத் திகதிகள் தெரியும். முதுமாணிப் பட்டத்தை உள்நாட்டிலேயே செய்யலாமா, கோடை விடுமுறையில் மூன்று மாதப் பயிற்சிக்கு யார் எடுக்கிறார்கள், கலாநிதிப் படிப்புக்குச் சம்பளத்தோடு இடம் தரும் நாடு எது, ஆங்கிலப் பரீட்சை கட்டாயமா, சிபாரிசுக் கடிதம் இரண்டா மூன்றா. சனிக்கிழமைகளில் எங்கள் முன்விறாந்தையில் செருப்புகள் குவிந்திருக்கும். செங்கலடிப் பிள்ளை, காத்தான்குடிப் பிள்ளை, வாழைச்சேனைப் பிள்ளை. உட்காரவைத்துச் சொல்லுவாள்.

“ஒரு மில்லிமீற்றரப் பத்து இலட்சமா வெட்டினா ஒரு துண்டு ஒரு நானோமீற்றர். அந்தளவில ஒரு பொருள் தன்ட குணத்தையே மாத்திரும். தங்கம் சிவப்பாகும். அதப் பாக்கிறதுக்குரிய கருவி எல்லா இடத்திலயும் இல்ல. அதுதான் போகச் சொல்றன். ஓடித் தப்புறதுக்கு இல்ல, பாத்துப் பழகுறதுக்கு.”

அந்தக் கோப்பைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர் போனார்கள். ஒருத்தி யப்பானுக்கு. விமான நிலையத்திலிருந்து அவள் போட்ட படத்தைப் பின்னறைக்காரி பெரிதாக்கிப் பார்த்தாள், கடவுச்சீட்டு கையில் இருக்கிறதா என்று.

தான் மட்டும் போகவில்லை. முதல் வருடம் விண்ணப்பம் முழுவதும் எழுதி, அனுப்பும் நாளில் நிறுத்தினாள். அப்போது செய்த வேறோர் ஆய்வுக்குத் தூர இடத்து நுணுக்குக்காட்டியில் எடுத்த படம் இரண்டுதான் ஒத்துப்போனதாம், மூன்றாவது வரவில்லையாம். அடுத்த வருடம் மூன்றாவது படம் வந்தது, முடிவுத் திகதி கழிந்து நாலாம் நாள். மூன்றாவது வருடம்தான் நான் சொல்லவந்த வருடம். கொரியாவில் ஓர் இடம். நாலு வருடப் பயிற்சி, கலாநிதிப் பட்டத்தோடு. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். அவளுக்கு அந்த ஐப்பசியில் முப்பத்தாறு பிறக்கும். நான் காலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டேன். அவள் வந்து அது சரியான திகதியா என்று பார்த்தாள். எத்தனை தரம் என்று சொல்லத் தேவையில்லை.

அவளுடைய ஆய்வு உமி. மண்டூர் ஆலையில் மலையாகக் கிடக்கும் வெறும் உமி. நெல் தன் வேரால் மண்ணிலிருந்து சிலிக்காவைக் குடித்து உமிக்குள் ஒளித்துவைக்கிறது என்பாள். உமியைச் சுத்தமாகக் கழுவி, உலையில் எழுநூறு பாகையில் நாலு மணித்தியாலம் எரித்தால் கருமை எல்லாம் போய் வெள்ளைத் தூள் மிஞ்சும். அந்தத் தூளின் மணிகள் அவ்வளவு சின்னன், அவற்றின் மேற்பரப்பை எல்லாம் விரித்துப் போட்டால் ஒரு தேக்கரண்டித் தூள் ஒரு சிறு வயல் துண்டளவு வரும். அழுக்குத் தண்ணீரை வடிக்கலாம், மருந்தைச் சுமக்க வைக்கலாம். மற்றவர்கள் உமியை அமிலத்தில் கழுவினார்கள். அவளுடைய கெட்டித்தனம், அமிலம் இல்லாமல் வெறும் கிணற்றுத் தண்ணீரில் கழுவுவது. அமிலம் வாங்க வழியில்லாத ஊரிலும் செய்யலாம் என்பதுதான் அதன் உயிர்.

கழுவியது எங்கள் கிணற்றடியில். அரித்து, வடித்து, பாயில் காயவைத்து, பஸ்ஸில் வந்தாறுமூலைக்குக் கொண்டுபோய் எரிப்பாள். மாசியில் ஒருநாள் கைவிரல் நீளக் கண்ணாடிக் குப்பியோடு வந்தாள். உள்ளே வெள்ளை. பால் வெள்ளை இல்லை, பஞ்சு வெள்ளை இல்லை. வெயில் ஒரு பொருளாகப் படிந்தால் எப்படியிருக்கும், அப்படி. நான் கூத்தாடினேன். அவள் குப்பியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, “தற்செயல்” என்றாள். பங்குனியில் இரண்டாவது குப்பி. அதே வெள்ளை. “ஆசை” என்றாள்.

நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்புச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், காணி உறுதி. மற்றவர்களின் வாழ்க்கையை வேறு பாஷைக்கு மாற்றுவது தொழில். அவளுடைய விண்ணப்பத்தின் ஆங்கிலத்தை நான் பார்த்துக் கொடுப்பதாக ஏற்பாடு. ‘வாவிக்கரை வயல்களின் ஒளிமிக்க வெண்மை’ என்று ஓரிடத்தில் அழகாக எழுதினேன். அவள் பென்சிலோடு வந்தாள்.

“ஒளி இல்ல கா. ஒளிய நான் அளக்கல்ல.”

“வெண்மை எண்டாலும் இருக்கட்டும் புள்ள.”

“எவ்வளவு வெண்மை?”

“கண்ணுக்குத் தெரியுதே!”

“ஆர்ர கண்ணுக்கு?”

நான் தூங்காமல் கட்டிய வாக்கியங்களில் அவள் விட்டுவைத்தவை ‘உமி’, ‘நீர்’, ‘எரித்தேன்’.

சித்திரை விடுமுறை கழிந்து மூன்றாவது குப்பி வந்தது. சாம்பல் நிறம். வெள்ளைக்குள் கரும்புள்ளி, கஞ்சிக்குள் மிளகு விழுந்ததுபோல். வைகாசியில் நாலாவது. இன்னும் கறுப்பு. ஆனியில் ஐந்தாவது, ஆடியில் ஆறாவது. நாலும் சாம்பல்.

அந்த மாதங்களை எப்படிச் சொல்வது. ஆலை நெல்லைக் கலந்துவிட்டதோ என்று ஆலையைச் சந்தேகித்தாள். அது எந்த வயல்வட்டை நெல், வயற்காரன் என்ன உரம் போட்டான் என்று கேட்க ஒவ்வொரு வட்டை வயலுக்கும் போனாள். உலையைச் சந்தேகித்து அதன் வெப்பத்தை வேறு மானியால் மூன்று தரம் பார்த்தாள். தராசை, மணிக்கூட்டை, பாயை, பாயில் ஏறிய கோழியைச் சந்தேகித்தாள். வீடெல்லாம் உமி. சோற்றில் உமி. தலையணையில் உமி. தம்பி தும்மித் தும்மி, “மூண்டு, இனி நான்தான் எரியவேணும், என்னை எப்ப உலையில போடுற?” என்று கேட்டான். அவனுக்குச் சித்திரைக்கு முன்தான் கலியாணமாகியிருந்தது. பதுளைப் பக்கத்துப் பெண், சுகந்தி. புதுப்பெண்டாட்டியின் கூந்தலிலிருந்து உமி பொறுக்கும் புருசன் இந்த உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்று சொல்லித் திரிந்தான்.

விண்ணப்பப் படிவம் என் மடிக்கணினியில் இருந்தது. எல்லாப் பெட்டிகளும் நிரப்பியாயிற்று, ஒன்றைத் தவிர. ‘இந்த முடிவு எத்தனை தடவை மீளப் பெறப்பட்டது?’ ஓர் இலக்கம் மட்டும் எழுதலாம். வெறுமையாக விட்டால் படிவம் போகாது.

“ரெண்டு எண்டு போடு” என்றேன்.

“அப்ப மத்த நாலும் எங்க போன?”

“அவங்க அதக் கேக்கல்ல.”

“கேக்காட்டி இல்லையெண்டு ஆகுமா கா?”

முடிவுத் திகதியன்று காலை வேறு உமி கொண்டுவர மண்டூருக்குப் போனாள். பிற்பகல் நாலரைக்குக் கதவு மூடும். மதியத்துக்குள் வந்து அந்தப் பெட்டிக்கு ஒரு வழி காண்பதாகச் சொன்னாள். “தொடாதீங்க கா. நான் வந்து பாத்துத்துத்தான் அனுப்புற.” இதையும் மூன்று தரம் சொன்னாள்.

மதியத்துக்கு மேல் கச்சான் காற்று கிளம்பியது. மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையில் வாவியைக் கடக்கும் படகுத்தட்டை நாங்கள் ‘பாதை’ என்போம். அந்தக் காற்றில் பாதை ஓடவில்லை. நாலு மணிக்குப் போன் வந்தது. பின்னால் காற்று இரைந்தது.

“பாதை நிக்குது. தரையால சுத்தி வந்தா ஆறு மணியாகும். விடுங்க கா.”

“என்னத்த விடுற? உனக்கு அடுத்த வருஷம் இல்ல புள்ள!”

“இல்லாட்டி இல்ல. பொய்யில போறதவிட இங்க இருக்கிறது நல்லம். வேறென்ன. வைக்கிறன்.”

மடிக்கணினி மேசையில் திறந்திருந்தது. ஒரு பெட்டி வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தது. ஆறு வருடம். யப்பானுக்குப் போன பிள்ளையின் படத்தைப் பெரிதாக்கிய விரல்கள். முன்விறாந்தைச் செருப்புகள் எல்லாம் போகின்றன, இந்த ஒரு சோடி மட்டும் எங்கள் பின்படியில் தேய்ந்து முடியப்போகிறது. எனக்கு வந்தது இரக்கம் என்று சொல்ல ஆசைதான். வந்தது கோபம். உன் மூன்றை நீயே வைத்துக்கொள், இந்தா பிடி என்று அந்தப் பெட்டிக்குள் 3 என்று அடித்தேன். அனுப்பினேன். நாலு மணி பதினெட்டு நிமிடம்.

அவளிடம் சொல்லவில்லை. அவளும் அந்தக் கதையை எடுக்கவில்லை. புது உமியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

இரண்டு கிழமை கழித்து, நேர்முகத்துக்கு அழைத்து அவளுக்கு மின்னஞ்சல் வந்தது. வெளிறிப்போய் என்னிடம் வந்தாள்.

“நான் அனுப்பல்லயே கா.”

“நான் அனுப்பினன். நீ விட்ட இடத்திலேயே அனுப்பினன்.”

“வெறும் பெட்டியோட போகாதே?”

“போனதுதானே” என்றேன். சத்தியப்பிரமாணம் செய்து தொழில் பார்க்கும் வாய் அது.

ஏனோ அன்று அவள் மேலே கேட்கவில்லை. அவள் மூளை முழுவதும் சாம்பலில் இருந்தது. நேர்முகத்துக்குப் பத்து நாள். நாலு குப்பி ஏன் கறுத்தது என்று கேட்டால் பதில் வேண்டும்.

பதில் எங்கள் குசினியில் இருந்தது. ஒரு ஞாயிறு காலை. சுகந்தி தன் தேநீரில் பாதியை, வழக்கம்போல, பின்கதவால் கறிவேப்பிலை மரத்தடியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கிணற்றடியில் உமி அரித்துக்கொண்டிருந்தவள் பார்த்துவிட்டாள்.

“மூண்டு நாளாப் பாக்கிறன் சுகந்தி. ஏன் ஊத்துறீங்க?”

சுகந்தி திகைத்துப்போனாள். “ஒண்ணுமில்லங்க.”

“தேயிலை சரியில்லையா?”

“இல்லங்க. தேயில நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப?”

மூன்றாவது கேள்விக்கு யாரும் தப்ப முடியாது. சுகந்தி என்னை ஒருதரம் பார்த்து, தலையைக் குனிந்துகொண்டு, “தண்ணி உப்புங்க” என்றாள்.

“எங்கட தண்ணியா?” என்றான் தம்பி. அவனுக்கு ரோசம் வந்துவிட்டது.

“நான் வந்த புதுசுல பரவால்லங்க. மழையே இல்லாம போச்சுல்ல, வரவர ஏறிக்கிட்டே போகுது. இப்ப வாயில வைக்க முடியல.”

“அஞ்சு மாசமா ஏன் சொல்லல்ல?” என்று நான் கத்தினேன்.

“புதுசா வந்த வீட்டுல தண்ணிய எப்படி அண்ணி கொற சொல்றது?”

அரிதட்டு கிணற்றடியில் விழுந்த சத்தம் கேட்டது.

உலையை அளந்தாள், தராசை அளந்தாள், கோழியைச் சந்தேகித்தாள். தான் குடிக்கும் தண்ணீரைச் சந்தேகிக்கவில்லை. வாவிக்கு நாலு வளவு தள்ளி இருக்கும் கிணறு. மாரியில் மழைநீர் மேலே நிற்கும், கோடையில் வாவியின் உப்புநீர் அடியால் ஏறிவரும். நாங்கள் பிறந்ததிலிருந்து அதைத்தான் குடிக்கிறோம். எங்கள் நாக்கு கிணற்றோடு சேர்ந்து மெல்ல மெல்ல உப்பாகி மெல்ல மெல்ல இறங்கும். அவளும் ஆறு வருடத்தில் எங்கள் நாக்காகிவிட்டாள். மண்டூர்த் தண்ணீர் சப்பென்று இருக்கிறதென்று தாயிடம் சொன்னாளே, அப்போதே விடை வாய்க்குள் இருந்தது. கழுவக் கழுவ உமியில் உப்பு ஏறியிருக்கிறது. உப்பு சேர்ந்தால் சிலிக்கா சூட்டில் இளகி, கரியைத் தனக்குள் பூட்டிக்கொள்ளும். பிறகு எத்தனை மணித்தியாலம் எரித்தாலும் அது வெளியேறாது. இதை அவளே விளக்கினாள், தலையில் கைவைத்துக்கொண்டு. உடனே எழும்பி நாலு கிளாஸ் எடுத்தாள். எங்கள் தண்ணீர், பக்கத்து வளவுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், போத்தல் தண்ணீர். எங்கள் எல்லோருடைய கண்ணையும் கட்டி ருசி பார்க்கவைத்தாள்.

சுகந்தி எல்லாத் தடவையும் சரியாகச் சொன்னாள். நாங்கள் ஒருதடவையும் சொல்லவில்லை. எத்தனை தடவை என்று நான் எழுதமாட்டேன்.

மண்டூர்க் கிணற்றிலிருந்து கான்களில் தண்ணீர் பாதையில் ஏறி வந்தது. கழுவி, காயவைத்து, எரித்தாள். நேர்முகத்துக்கு முதல்நாள் பின்னேரம் குப்பியோடு வந்தாள். வெள்ளை.

நான் குதித்தேன். மாசியில் ஒன்று, பங்குனியில் ஒன்று, இதோ ஒன்று. மூன்று! நான் அடித்த 3 பொய்யில்லை, கொஞ்சம் முந்திப் பிறந்த உண்மை. கடவுள் என்னைக் காப்பாற்றிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

நேர்முகம் மறுநாள் முற்பகல், பின்னறையில், என் மடிக்கணினியில். நீர்ப்பம்பைப் போடக் கூடாது என்று தம்பிக்கு உத்தரவு. நான் கமராவுக்குத் தெரியாமல் கதவோரம் ஒரு முக்காலியில். திரையில் மூன்று பேர்; இருவர் பேசினார்கள், வெள்ளைத் தலை அம்மா ஒருவர் குறிப்பெடுத்தார். அவளுடைய ஆங்கிலம் மொட்டையாக, ஆனால் நேராக நடந்தது. அரை மணித்தியாலம் நன்றாகப் போயிற்று. பிறகு அவர்களில் ஒருவர் கேட்டார்:

“மூன்று தடவை மீளப் பெற்றதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்றையும் விவரியுங்கள்.”

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு கண்ணை மட்டும் திருப்பி, கதவோரம் என்னைப் பார்த்தாள். நான் மூன்று விரலைக் காட்டினேன். மாசி, பங்குனி, நேற்று. சொல்லு புள்ள, சொல்லு. மூன்று இருக்குதானே.

“மன்னிக்கவும்” என்றாள். “அந்த இலக்கம் பிழை.”

என் விரல்கள் அப்படியே நின்றன.

“என் வீட்டுக் கிணற்று நீரில் ஆறு தடவை. இரண்டு வெள்ளை, நாலு சாம்பல். நீரில் உப்பு ஏறியது, நான் அளக்கவில்லை. அது என் தவறு. வேறு நீரில் ஒரு தடவை வெள்ளை. அது வேறு நீர், ஆகவே வேறு பரிசோதனை. முதலாவதில் இரண்டு. இரண்டாவதில் ஒன்று. மூன்று எதிலும் இல்லை.”

தம்பி வெளியில் எங்கேயோ தும்மினான். வெள்ளைத் தலை அம்மா பேனையை வைத்துவிட்டு முதல்முறையாகப் பேசினார்: “அப்படியானால் எதற்காக இங்கே வர விரும்புகிறீர்கள்?”

“மிச்சத்தைச் செய்ய” என்றாள்.

திரை அணைந்தது. அவள் மடிக்கணினியை மூடி, வயரை ஒழுங்காகச் சுற்றினாள்.

“அந்த மூண்டு நீங்க போட்டதா கா?”

“ஓம்.”

இரண்டாவது கேள்விக்கு நான் என் நியாயத்தை ஆயத்தப்படுத்தி வைத்திருந்தேன். பாதை நின்றது, வயது, ஆறு வருடம். மூன்றாவதுக்கு அழுவதாக இருந்தேன். தேங்காயிடமும் மாப்பிள்ளையிடமும் பூட்டிய கதவிடமும் மூன்று தரம் கேட்டவள், என்னிடம் ஒரே ஒருதரம் கேட்டாள். எழும்பிக் கிணற்றடிக்குப் போனாள். உமி அரிக்கும் சத்தம் கேட்டது. அவள் என்னைத் திட்டியிருக்கலாம். தம்பியைப்போலக் கதவை அடித்திருக்கலாம். இந்த மனுசியிடம் அதைக்கூட எதிர்பார்க்க முடியாது.

ஒரு கிழமையில் கொரியாவிலிருந்து கடிதம். திருத்திய விவரத்தை அவளுடைய சொற்களிலேயே எழுதி அனுப்பும்படி கேட்டிருந்தார்கள். என்னிடம் தரவில்லை. தானே எழுதினாள். பிறகு இடம் கிடைத்ததென்று மின்னஞ்சல் வந்தது. அவள் பதில் போட்டாள், இது எனக்கு வந்ததுதானா என்று. ஆம் என்றார்கள். திருத்திய விவரத்தைப் பார்த்த பிறகுதானா என்று இன்னொன்று. ஆம் என்றார்கள். அடுத்ததையும் போட்டாள். அந்த நாட்டில் எவ்வளவு பொறுமைசாலிகள்.

கொழும்பு பஸ் மட்டக்களப்பில் நிற்கும்போது, சூட்கேஸின் பூட்டைச் சரிபார்த்து முடித்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, “அது பரவாயில்ல கா. போய்த்து வாறன்” என்றாள். ஒருதரம்.

போகுமுன் ஒரு சின்ன உப்புமானியை என் கையில் தந்துவிட்டுப் போயிருந்தாள். திங்கட்கிழமை தோறும் கிணற்றில் வாளி விட்டு, அதை மூன்று தரம் தோய்த்து, மூன்று இலக்கத்தை அவளுக்கு அனுப்புகிறேன். மூன்றும் ஒத்துவராவிட்டால் திரும்ப அள்ளச் சொல்லி வருகிறது. என் வயதில், என் தொழிலை விட்டுவிட்டு, என் கிணற்றுக்கு நான் எழுதுவினைஞர். எரிச்சலில் ஒரு திங்கள் பழைய இலக்கத்தையே அனுப்பலாமா என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. தோய்த்தேன்.

போன மாதம் வாட்ஸ்அப்பில் கதைக்கும்போது கேட்டுவிட்டேன். “என்னில கோவமா புள்ள, அந்த மூண்டுக்கு?”

பின்னால் ஏதோ பெரிய இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. “இல்ல கா. அது பரவாயில்ல” என்றாள்.

தம்பியிடம் சொன்னேன், இத்தோடு இரண்டாகிவிட்டது என்று. “அது நீங்க கேட்டுச் சொன்னதுதானே. மூண்டு அதக் கணக்கில எடுக்கமாட்டாள்” என்றான். அவனுக்கும் தொற்றிவிட்டது. சுகந்தி சிரித்துக்கொண்டு குழாய்த் தண்ணீரில் தேநீர் கொண்டுவந்தாள். எனக்கு அது சப்பென்று இருந்தது.

நான் கணக்கில் எடுக்கிறேன். எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை வாளியை இறக்கிக்கொண்டு, மூன்றாவதுக்குக் காத்திருக்கிறேன். ஒருதரம் தற்செயல். இப்போது இரண்டில் நிற்கிறேன். இரண்டுக்கு அவள் வைத்த பெயர் எனக்குத் தெரியும்.